நாற்காலியில் கட்டிய கயிறு

போன வார அத்தியாயத்தில் சமையலறை ஸ்டூலிலிருந்து விழுந்தவனைத் தரையிலேயே கிடத்திவிட்டுக் கிளம்பிவிட்டோம். பதற வேண்டாம், கணுக்கால் எலும்பில் ஒரு விரிசல், அவ்வளவுதான். ஆனால் ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்குகிற லிஃப்ட் மெக்கானிக், ஒரு பல்பு மாற்றப் போய் முழங்கால் உயர ஸ்டூலிலிருந்து விழுந்தான் என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? மாவுக்கட்டோடு கூடத்துச் சோபாவில் குடியேறிவிட்டான். விசாரித்தவர்களிடம் எல்லாம் "வேலையில அடிபட்டுடுச்சு" என்று பொதுவாகச் சொல்லிவைத்தான். வீட்டு வேலையும் வேலைதானே.

அவன் மனைவிக்குத்தான் இடி. அடுத்த வாரம் இருவரும் ஒரு நடைக்குழுவோடு மலைக்குப் போவதாக இருந்தது. முதுகில் மூட்டை, படுக்கக் கூடாரம், பக்கத்தில் புருஷன். கண்ணாடிக் கடையின் இருட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஊராரின் பார்வையைச் சோதிக்கிறவளுக்கு அது ஒரு வருட ஆசை. குழுவின் விதியோ கறாரானது. ஜோடியாகத்தான் வர வேண்டும், தங்குவதற்கு வேண்டியதை அந்த ஜோடியே சுமக்க வேண்டும். ஜோடி கிடைக்காதவர்கள் வீட்டிலிருந்தே மலையை நினைத்துக்கொள்ளலாம்.

"அதனால என்ன, நான் வர்றேன்" என்று சமையலறை வாசலில் ஒரு குரல் கேட்டதும் போன அத்தியாயம் முடிந்தது. அது மாமியாரின் குரல்.

இந்த அத்தையை இப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் வண்டி ஓட்டும் லட்சணத்தைப் பார்த்துத் தேர்வு வைப்பது அவர் உத்தியோகமாக இருந்தது. சமீபத்தில்தான் ஓய்வு பெற்றார். தேர்வு முடியும்வரை "அடுத்த வலது", "இங்க நிறுத்துங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நம் மருமகளையே ஒரு தடவை ஃபெயில் பண்ணியிருக்கிறார். மறுமாதம், காதலித்தவன் "எங்கம்மாவைப் பார்க்க வா" என்று கூட்டிப்போனபோது, கதவைத் திறந்த முகத்தைப் பார்த்து இவளுடைய கால் தானாகவே பிரேக்கைத் தேடியது.

"கண்ணாடியைப் பார்க்காம திரும்பின பொண்ணுதானே நீ? உள்ள வா" என்றார் அத்தை.

அன்று ஒத்துப்போனதுதான். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே வீடு. சண்டை வராமல் இல்லை, வந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். எதுவாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் அத்தை போட்ட நிபந்தனை.

அப்படிப்பட்டவரிடம்தான் பிள்ளையும் மருமகளுமாக ஒன்றை மூடி வைத்திருந்தார்கள்.

வேறு வீடு பார்த்தாயிற்று. ஊரின் அந்தக் கோடியில், அவளுடைய கடை திறந்திருக்கும் புதுக் கிளைக்குப் பக்கத்தில். மனஸ்தாபம் எதுவும் இல்லை. தினமும் பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்பது ஒரு காரணம். தாங்களாகவே ஒரு குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. "எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே" என்று பெரிய மனுஷனாகப் பொறுப்பேற்றுக்கொண்டவன், நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே வந்து கடைசியில் காலையும் உடைத்துக்கொண்டான்.

இப்போது அந்த அம்மாவின் பக்கத்தில்தான் அவள் தோளோடு தோள் படுக்கப்போகிறாள். இதை மறைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது? 'என் பக்கத்திலேயே படுத்துக்கிட்டு மறைச்சாளே' என்ற எண்ணம் அத்தைக்கு ஒருமுறை வந்துவிட்டால் போயிற்று. பேச்சுவார்த்தை இருக்கும், மரியாதை இருக்கும், முன்பு போல மட்டும் இருக்காது. அவளுக்கு அத்தை வேண்டும். வீடு மாறிய பிறகும் வேண்டும்.

*

சனிக்கிழமை காலை. கூடாரம் வாங்கப் புறப்பட வேண்டிய நாள். அத்தை நடைக்காலணியைப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். வீட்டுக்குள் பழகினால்தான் கால் பழகும் என்று மூன்று நாளாக அந்தக் காலணியோடேதான் சமைக்கிறார்.

அவள் சோபாவுக்குப் பக்கத்தில் குனிந்து, தலையணையைச் சரிசெய்வது போல, "சொல்லியாச்சா?" என்றாள்.

"எங்கே விடறாங்க? காலையிலேருந்து கொசுவலை நல்லதா, துணி நல்லதான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"என்னங்க, இன்னிக்குச் சொல்லலேன்னா நான் மலைக்கே போகலை."

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன். சத்தியம்." அவன் கண் தொலைக்காட்சியிலேயே இருந்தது.

"அப்படி நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

அவன் சிரித்தான். அவள் சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

*

மலையேறுகிறவர்களுக்கான கடை அடுத்த தெருமுனையில் இருந்தது. கடைக்காரப் பெண்மணிக்கு மூக்கு நுனி வெயிலில் உரிந்து சிவந்திருந்தது. விற்பதை எல்லாம் தானும் கொண்டுபோய் உபயோகிக்கிறவர் என்று அதிலேயே தெரிந்தது. கடையின் பின்பக்கம் ஒரு மண் முற்றம். வாங்க வருகிறவர்கள் கூடாரத்தை அங்கே போட்டுப் பார்க்கலாம்.

"எவ்வளவு வரைக்கும் போகலாம்னு இருக்கீங்க?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

"மழையில நம்மளைக் கைவிடக் கூடாது. வாங்கினதுக்கு அப்புறம் நாம பட்டினி கிடக்கவும் கூடாது" என்றார் அத்தை.

கடைக்காரம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. மூன்று பைகளைக் கொண்டுவந்து மண்ணில் வைத்தார்.

மருமகள் தன் தொழில் வழக்கப்படி ஆரம்பித்தாள். கண் சோதிக்கும்போது நாலு கண்ணாடியை ஒன்றாகக் காட்டி எது நன்றாகத் தெரிகிறது என்று கேட்டால் யாருக்கும் குழப்பம்தான். இரண்டிரண்டாகக் காட்ட வேண்டும். தோற்றதை எடுத்துவிட்டு, ஜெயித்ததோடு அடுத்ததை நிறுத்த வேண்டும்.

"அத்தை, முதல் ரெண்டு. இதுவா, அதுவா?"

முதலாவது மலிவு. உதறினால் தானே விரிந்து நிற்கும், பார்க்கவும் ஜோர். அத்தை அதன் பையைத் தோளில் மாட்டி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறக்கிவைத்தார். உள்ளே தலையை விட்டுக் கூரையைத் தடவினார். ஒரே துணி. மூச்சுக்காற்று முட்டி நீர் கோத்தால் அப்படியே தலையில் சொட்டும். தையல்மேல் ஒட்டுப்பட்டையும் இல்லை. ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றும் மழைக்கு வாசல்.

"கார்ல போய் இறங்கி, சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வர்றவங்களுக்கு இது போதும்" என்று அதை ஒதுக்கினார்.

இரண்டாவது அழகாக இருந்தது. அலுமினியக் கம்பிகள், உள்ளே கொசுவலை, மேலே தனியாக ஒரு மழைத்துணி, தூக்கினால் கனமே தெரியவில்லை. மருமகள் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் மறுபடி திருப்பி வைத்தாள்.

"மூணாவது என்ன?" என்றார் அத்தை, அவள் முகத்தைப் பார்த்து.

மூன்றாவதற்குக் கம்பியே கிடையாது. நடக்கும்போது ஊன்றிக்கொள்கிற கைக்கம்பு இரண்டைத் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று நட்டு, இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். கயிறுதான் அதற்கு உயிர். கம்பி இல்லாததால் விலையும் குறைவு, கனமும் குறைவு. எப்படியும் முழங்காலுக்காகக் கைக்கம்பு கொண்டுபோகத்தான் போகிறார்கள்.

"ஒரே ஒரு விஷயம். இது தானா நிக்காது. முளை அடிக்கத் தெரியணும்" என்றார் கடைக்காரம்மா.

அத்தை இதற்குள் தேர்வாளராக மாறியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "ஏம்மா, கண்ணை மூடிக்கிட்டு இதைப் போடு."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"மலையில மழை பிடிச்சா வெளிச்சம் இருக்குமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி மூலைகளைக் கண்டுபிடித்தாள். ஒரு முளையைக் கல்லில் அடித்தாள், இன்னொன்றைக் காலணியில் அடித்துக்கொண்டாள். அத்தையிடமிருந்து மூச்சு விடும் சத்தம்கூட வரவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பழைய பரிச்சயம். ஒரு காலத்தில் அதற்குப் பயந்தவள், இன்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கம்பையும் நட்டுக் கயிற்றை இழுத்தாள். துணி விறைத்து நின்றது. கண்ணைத் திறந்தால் கூடாரம்.

அப்போதுதான் இதிலிருந்த சூட்சுமம் தெரிந்தது. இதில் மேல்துணியை முதலில் நிறுத்திவிட்டு, அதற்கு அடியில் கொசுவலையறையைக் கோத்துக்கொள்ளலாம். மழையிலேயே போட்டாலும் படுக்கிற இடம் நனையாது. அந்த விலையுயர்ந்த அழகியில் வலையறையை முதலில் நிறுத்த வேண்டும், அதற்குள் அது தொப்பலாகிவிடும்.

"சரி, உள்ள படு" என்றார் அத்தை.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். இரண்டு பேருக்கான கூடாரம் என்றுதான் பையில் போட்டிருந்தது. எந்த இரண்டு பேரைப் படுக்கவைத்து அளந்தார்களோ தெரியவில்லை. அத்தையின் தோள் இவள் தோளில் இடித்தது.

"நான் குறட்டை விடுவேன்" என்றார் அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும் அத்தை. அடுத்த அறை வரைக்கும் கேட்குமே."

அத்தை சிரித்தார். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரிடம் எப்படி மறைப்பது?

"அத்தை, ஆளுக்கு ஒரு சின்னக் கூடாரமா எடுத்துக்கிட்டா என்ன?"

"எதுக்கு? ரெண்டு எடுத்தா ரெண்டு கூரை, ரெண்டு தரை, ரெண்டு மூட்டை முளை. ஒண்ணு எடுத்தா நீ துணியைத் தூக்கு, நான் முளையையும் கயிறையும் தூக்கறேன். கனம் பாதியாயிடும், விலையும் கட்டுப்படியாகும்." அத்தை தலையைத் திருப்பினார். "ஏன், என் பக்கத்துல படுக்க உனக்குச் சங்கடமா?"

"ஐயோ, இல்லை அத்தை."

"பின்ன என்ன? என் அறை அலமாரியில மேல்தட்டைக் காலி பண்ணிட்டேன். வந்ததும் இதைத் துடைச்சு அங்க வெச்சுக்கலாம். வருஷா வருஷம் எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம், நீயும் நானும். அவன் சோபாவைப் பார்த்துக்கட்டும்."

அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

கடைக்காரம்மா நியாயமான மனுஷி. "வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணி ஊத்திப் பாருங்க. ஒழுகினா திருப்பிக் கொண்டாங்க. கிழிச்சுட்டு மட்டும் கொண்டாராதீங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். கூடவே இருந்த மெல்லிய முளைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, உறுதியான முளைகளாக மாற்றியும் கொடுத்தார்.

*

அவர்களுடையது கட்டடத்தின் கடைசி மாடி வீடு. பின்கதவைத் திறந்தால் மொட்டைமாடிதான். மத்தியான வெயிலில் அங்கே கூடாரத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் ஒரு சின்ன உண்மை மூன்று பேருக்கும் உறைத்தது.

சிமெண்டுத் தரையில் முளையை எங்கே அடிப்பது?

வண்டியில் ஏறும்முன் நாலு சக்கரத்தையும் பார்க்கச் சொல்கிற அத்தை இதை யோசிக்கவில்லை. ஊரார் கண்ணை அளக்கிறவளும் யோசிக்கவில்லை. கூடாரம் வாங்குகிற சந்தோஷத்தில் இருவருமே கோட்டை விட்டிருந்தார்கள். வாசற்படியில் ஊன்றுகட்டையோடு நின்றவனுக்கு மட்டும் வாயெல்லாம் பல்.

"சிரிக்காதே. ஒரு வழி பண்ணலாம்" என்றார் அத்தை.

ஓரத்து மூலைகளைப் பூந்தொட்டிகளில் கட்டினார்கள். கால்மாட்டுக் கயிற்றைத் தண்ணீர்த்தொட்டியின் இரும்புக் காலில் கட்டினார்கள். தலைமாட்டுக் கயிற்றுக்குத்தான் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் வெறும் தரை. பூந்தொட்டியில் கட்டினால் தொட்டியே இழுபட்டு வந்தது.

அத்தை மாடியைச் சுற்றிப் பார்த்தார். பார்வை கடைசியில் மகன்மேல் வந்து நின்றது.

"அந்தப் பெரிய நாற்காலியை எடுத்துட்டு வாம்மா."

இப்படியாக, கூடாரத்தின் தலைமாட்டுக் கயிறு நாற்காலியின் காலில் கட்டப்பட்டது. அதன்மேல் மாவுக்கட்டோடு நம் லிஃப்ட் மெக்கானிக் உட்காரவைக்கப்பட்டான். சாப்பாட்டில் குறைவைக்காத உடம்பு, நாற்காலி ஒரு விரற்கடை நகரவில்லை. சும்மா உட்காருவானேன் என்று கையில் தண்ணீர்க் குழாயையும் கொடுத்தார்கள்.

"நாங்க சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது" என்றாள் மனைவி.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க எழுந்திருக்கறது?"

அவள் அவன் காதருகே குனிந்தாள். "இப்பவாவது சொல்றீங்களா?"

"இப்பவா? தண்ணி பிடிச்சுக்கிட்டா? இதை முடிச்சிட்டு டீ குடிக்கும்போது நிதானமா..." என்று இழுத்தான். வழக்கமான சாக்கு. அவன் இன்றைக்கும் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்கு அந்த நிமிடம் நிச்சயமாகிவிட்டது. கோபம்கூட வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று தெளிந்தாற்போல இருந்தது.

பெண்கள் இருவரும் உள்ளே நுழைந்து வாசல் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

மழை ஆரம்பித்தது. அவன் முதலில் தூறலாகப் பிடித்தான், பிறகு கூரையில் படபடவென்று அடித்தான். உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேல்துணியின் உட்புறம் பொடிப்பொடியாக நீர் அரும்பியது.

"ஒழுகுதா?"

"இல்லை அத்தை, நம்ம மூச்சு. வலைக்கு இந்தப் பக்கம் வரலை பாருங்க."

அத்தை கையை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார்.

இதைவிட நல்ல சமயம் வராது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

வெளியே உட்கார்ந்திருந்தவனுக்குப் பாம்புக் காது. தண்ணீரின் வேகத்தைக் கூட்டிவிட்டான். கூரைமேல் பேய்மழை.

"என்ன?" என்று அத்தை காதை நீட்டினார்.

"நாங்க..."

அவன் இன்னும் கூட்டினான். குழாய்க்கு அதற்கு மேல் தெம்பில்லை. அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நாங்க வேற வீடு பார்த்திருக்கோம் அத்தை! தனியாப் போகப்போறோம்! அடுத்த மாசம்!"

அடுத்த கட்டடத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் சட்டென்று நின்றது.

"ஏய்!" என்று ஒரு அலறல். காலில் கட்டு இருப்பது, எழுந்திருக்கக் கூடாது என்று மனைவி சொன்னது எல்லாம் மறந்து அவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டான்.

அவன் எழுந்ததும் கயிறு நாற்காலியை இழுத்தது, கம்பு சாய்ந்தது, ஈரத்துணி மொத்தமும் பெண்கள் இருவர் தலையிலும் வந்து விழுந்தது.

துணிக்கு அடியில் அத்தையின் முகம் அவள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அவளால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"யாரோட முடிவு?" என்றார் அத்தை.

"ரெண்டு பேரோடதும்."

"அவன் ஏன் சொல்லலை?"

"பயம்."

"உனக்கு?"

"எனக்கும் பயம்தான். ஆனா உங்க பக்கத்துல படுத்துக்கிட்டு இதை மறைச்சு வெச்சிருக்க என்னால முடியாது அத்தை."

வெளியே, "அம்மா, நான் விளக்கமா சொல்றேன்மா..." என்று அவன் ஒற்றைக் காலில் தள்ளாடும் சத்தம்.

"உட்கார்டா!" என்றார் அத்தை. மாடியே அதிர்ந்தது.

அவன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அத்தை உள்ளிருந்தபடியே கம்பைத் துழாவி எடுத்து நிமிர்த்தி நட்டார். கூரை மறுபடி மேலே போயிற்று. பச்சை வெளிச்சம் திரும்பியது. அத்தை தரைத்துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு மூலை, இரண்டாவது மூலை, தையல் ஓரம். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"கஷ்டமா இருக்கு" என்றார் அத்தை கடைசியில். பூசி மெழுகவில்லை. "பொய் சொல்ல மாட்டேன்."

"அத்தை..."

"வீடு பார்த்தது இல்லைம்மா. நானும் கல்யாணமாகித் தனியாத்தான் குடித்தனம் பண்ணினேன், அந்த ஆசை எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாளா நான் உள்ள வந்தா நீங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தறீங்க. எதுக்குன்னு தெரியாம நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டேன். இவங்களுக்குப் பாரமாயிட்டோம் போலிருக்குன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் போச்சு."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. வீட்டை மறைத்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த மறைப்பு இப்படி ஒரு வலியாக அடுத்த அறையில் கிடந்திருக்கிறது என்று தோன்றவே இல்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை விலக்கவில்லை.

"அழாதே. தரை ஈரமாச்சுன்னா ஒழுகினதா, நீ அழுததான்னு தெரியாது" என்றார்.

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"கூடாரம் நல்ல கூடாரம். இதையே எடுத்துக்கலாம்."

"அப்போ... வர்றீங்களா அத்தை?"

"வரலைன்னு நான் எப்பச் சொன்னேன்? மலைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் இது ஒண்ணு போதும். இறங்கி வந்ததும் நீ உன் வீட்டுக்குப் போ, நான் என் வீட்டுக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை யார் வீட்ல சாப்பாடுங்கறதை நடந்துக்கிட்டே பேசி முடிச்சுக்கலாம்."

அத்தை வாசல் பக்கம் நகர்ந்து ஜிப்பைப் பாதி திறந்தார். அங்கேயே நின்றார். வெளியே மகன் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினார்.

"ஒண்ணு கேட்கட்டுமா? நான் வர்றேன்னு சொன்னதும் உனக்கு ஜோடி கிடைச்சுதுன்னு சந்தோஷம். அவனுக்குத் தப்பிச்சோம்டான்னு சந்தோஷம். நான் ஏன் வர்றேன்னு மட்டும் உங்க ரெண்டு பேருக்குமே கேட்கத் தோணலையே?"

அவள் யோசித்தாள். உண்மைதான். கேட்கவே இல்லை.

"ஏன் அத்தை?"

அத்தை ஈரத்துணியை ஒரு தட்டுத் தட்டினார். "உன்னைத் திட்ட எனக்கு இன்னிக்கு வாயில்லைம்மா. நானும்தான் ஒண்ணை மூடி வெச்சிருக்கேன். மலை ஏறினதுக்கு அப்புறம் சொல்றேன். கீழ இருக்கும்போது சொன்னா, அவன் என்னை அனுப்ப மாட்டான்."

இதைச் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல ஊர்ந்து வெளியே போனார். காலணி சத்தம் சமையலறைப் பக்கம் நகர்ந்தது. "டீ போடறேன். கயிறை எவனாவது தொட்டீங்க, பார்த்துக்குங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உறுதியான, எப்போதும் போன்ற குரல்.

அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அனுப்ப மாட்டானா? ஏன்?

நாற்காலியில் இருந்தவன் குழாயை நழுவவிட்டு, கழுத்தை நீட்டி வாசல் வழியாக உள்ளே எட்டிப்பார்த்தான். முகத்தில் அசடு வழிந்தது.

"கோவமா இருக்காங்களா? உன்கிட்ட மெதுவா என்னவோ சொன்னாங்களே, என்னது?"

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"கூடாரம் ஒழுகலைன்னு சொன்னாங்க" என்றாள்.